ஓய்வுபெற்றவரின் அனுபவம் யாருக்குச் சொந்தம்?

கொச்சி நகரை ஒட்டிய காயலில் வல்லார்பாடம் என்னும் சிறு தீவு இருக்கிறது. 1524-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் எழுப்பி, 1676-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அழிந்து, மீண்டும் கட்டப்பட்ட மாதா பேராலயம் அங்கே உள்ளது. அங்கு வரும் பக்தர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துடைப்பத்தைக் கையில் எடுத்து ஆலய முற்றத்தைக் கூட்டுவதையே அவர்கள் நேர்த்திக்கடனாகச் செலுத்துகின்றனர். சாதி, மதம், செல்வ நிலை எதுவும் அங்கே கேட்கப்படுவதில்லை. கூலி வாங்காமல் பொது இடத்தைத் தூய்மை செய்வது அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி.

அதே தீவில்தான் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் பன்னாட்டு சரக்குப் பெட்டக முனையத்தைத் திறந்து வைத்தார். கொழும்பு வழியாகச் சென்றுவந்த இந்தியச் சரக்கை இந்திய மண்ணிலேயே கையாள வேண்டும் என்னும் தேசிய நோக்கம் அதன் பின்னால் இருந்தது. அந்த நோக்கத்தில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால், முனையத்துக்குச் செல்லும் சாலைக்காகவும் ரயில் பாதைக்காகவும் சுற்றுவட்டாரத்தில் ஏழு இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி மூலம்பிள்ளியில் காவல்துறையின் பாதுகாப்போடு வந்த இயந்திரங்கள் வீடுகளை இடித்துத் தள்ளின. கேரளம் அந்த நாளை இன்னமும் மறக்கவில்லை.

மக்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2008 மார்ச்சில் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான அரசு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மாற்று நிலம், வீடு கட்டும் வரை வாடகைப் பணம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என அதில் வாக்குறுதிகள் இருந்தன. 'மூலம்பிள்ளித் திட்டம்' என்று நாளேடுகள் அதை அழைத்தன. அது நடைமுறைக்கு வந்த விதம் வேறு. மாற்று நிலமாக ஒதுக்கப்பட்ட மனைகளில் சில சதுப்பு நிலத்தை நிரப்பி உருவாக்கப்பட்டவை. காக்கநாடு அருகே துதியூரில் கட்டப்பட்ட வீடுகள் சாயத் தொடங்கின. பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாடகை வீட்டிலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்தன.

இந்த வரலாற்றிலிருந்து எழும் கேள்விகள் பல. அவற்றில் அதிகம் கேட்கப்படாத ஒன்று உண்டு. அரசின் அறிவிப்பு கையில் கிடைக்கும் நாளில், அதைப் படித்துப் பொருள் சொல்ல அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், அறிவிப்பு வந்த முப்பது நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை அறுபது நாள்களாக்கியது. கெடு தாண்டினால் வாய்ப்பும் போய்விடும். இழப்பீட்டுத் தொகையை வாங்கும்போது, 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது இன்னும் நுட்பமான செய்தி. அந்தச் சொற்கள் இல்லாமல் பணத்தை வாங்கியவர், தொகை போதாது என்று பின்னர் முறையிடும் உரிமையை இழக்கிறார். பழைய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் எதிர்காலம் ஒரு வரியைச் சார்ந்து நிற்கிறது. அந்த வரியை மீனவருக்கோ, பொக்காளி வயலில் நெல்லும் இறாலும் மாறிமாறி விளைவிக்கும் விவசாயிக்கோ யாரும் கற்றுக் கொடுப்பதில்லை.

ஆனால், அந்த வரியை நன்கு அறிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றனர். முப்பது ஆண்டுகள் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவர், நிலத்தை அளந்த சர்வேயர், பத்திரப் பதிவு அலுவலகத்தில் பணியாற்றியவர், மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அது வீட்டைத் தாங்குமா என்று சொல்லக்கூடிய பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஆகியோர் பக்கத்துத் தெருவில்தான் வசிக்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சி, நூலகத்தில் நாளிதழ், மாலையில் பேரக்குழந்தைகள் என்று அவர்களது பொழுது கழிகிறது. பொதுப்பணத்தில் பெற்ற அவர்களது அனுபவம், பணி ஓய்வு பெறும் நாளில் சால்வையோடும் நினைவுப் பரிசோடும் வீட்டுக்குப் போய்விடுகிறது.

கேரளத்தில் இந்த இழப்பு இன்னும் பெரிது. அங்கே அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2012-ஆம் ஆண்டு வரை 55. அதன் பிறகு, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்போருக்கு 56. தமிழ்நாட்டில் அது 58-லிருந்து 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோரின் பங்கு நாட்டில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெறும் ஒருவருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும் ஆற்றல் மிச்சமிருக்கிறது என்று கொள்வதில் பிழை ஏதுமில்லை. அந்த இருபது ஆண்டுகளைச் சமூகம் என்ன செய்கிறது?

ஒன்றும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. ஓய்வுபெற்றோரின் தொண்டுக்குக் கேரளம் பல வகையில் முன்னோடி. 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண முயற்சி, சில ஆண்டுகளில் ஊர் மக்களே நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. தீராத நோயால் படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கு வாரம்தோறும் செல்வது, செவிலியருக்குத் துணை நிற்பது, வீட்டில் அரிசி இருக்கிறதா, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்ப்பது ஆகிய பணிகளை அங்கே தொண்டர்கள் ஏற்றுக்கொண்டனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஊழியர்களும் அவர்களில் கணிசமானோர். 2008 ஏப்ரலில் கேரள அரசு இந்த நோய்த்தணிப்புப் பராமரிப்பைத் தனிக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. உள்ளாட்சி அமைப்புகள் அதில் இணைந்தன.

கால வரிசையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மூலம்பிள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த மாதம் அது. நோயாளியின் படுக்கை அருகே அமரும் தொண்டரை அரசு கொள்கை வகுத்து வரவேற்றது. அதே அரசு, வீடு இழந்தவரின் அருகே அமர்ந்து கோப்பைப் படித்துச் சொல்லும் தொண்டருக்கு அப்படி ஓர் இடத்தை ஒதுக்கவில்லை. மூலம்பிள்ளி மக்களுக்குத் துணை நின்றவர்களில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் இருந்தனர் என்பது உண்மைதான். ஆனால், அவர்கள் போராட்டக்காரர்களாக வெளியே நின்றார்கள். திட்டம் வகுக்கப்படும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

நாற்காலி போட்ட காலமும் கேரளத்தில் உண்டு. 1996 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு மாற்றப்பட்டது. ஊராட்சிகள் தாமே திட்டம் தீட்டின. அவ்வாறு தீட்டப்பட்டவற்றில் பலவற்றில் தொழில்நுட்பக் குறைகள் இருந்தன. மதிப்பீடு தவறாக இருந்தது, அளவுகள் பொருந்தவில்லை. அவற்றைச் சரிபார்க்க அரசு அதிகாரிகள் போதவில்லை. அப்போது அரசு ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் மருத்துவர்களையும் வேளாண் வல்லுநர்களையும் அழைத்தது. 'தன்னார்வத் தொழில்நுட்பப் படை' ஒன்று உருவானது. வாரத்தில் ஒரு நாளையாவது ஊராட்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்துகொண்டனர். ஒன்றிய அளவிலான குழுக்களில் அமர்ந்து, ஊராட்சிகள் அனுப்பிய திட்டங்களைப் படித்துத் திருத்தினர்.

அந்த முயற்சியில் குறைகள் இல்லாமல் இல்லை. பணியில் இருந்த அதிகாரிகள் சிலருக்கு ஓய்வுபெற்றவர்கள் வந்து கேள்வி கேட்பது பிடிக்கவில்லை. பதிவு செய்தவர் எல்லோரும் தொடர்ந்து வரவில்லை. ஆட்சி மாறியபோது இயக்கத்தின் பெயரும் அமைப்பும் மாறின. முதல் வேகம் நீடிக்கவில்லை. ஆயினும், ஓய்வுபெற்றவரின் அறிவு பொது நிர்வாகத்துக்குள் முறைப்படி வர முடியும் என்பதை அந்த அனுபவம் நிரூபித்துவிட்டது. தொண்டு செய்ய முன்வருவோர் இல்லை என்னும் சாக்கு இனி எடுபடாது.

இதற்குக் கொச்சியிலேயே கண்முன் வாழ்ந்த உதாரணம் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். 1957-ஆம் ஆண்டு ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சராகவும், பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். 1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். 2014 டிசம்பரில் மறைந்தார். இடைப்பட்ட 34 ஆண்டுகளும் எர்ணாகுளத்தில் இருந்த அவரது வீட்டுக் கதவு மனுவோடு வருவோருக்குத் திறந்தே இருந்தது. 2002-ஆம் ஆண்டு குஜராத் வன்முறை குறித்து விசாரித்த மக்கள் தீர்ப்பாயத்தில் அவர் பங்கேற்றார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் கேரளச் சட்டச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். அவரைப் பாராட்டி மாலை சூட்டியவர்கள் அதிகம். ஆனால், ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிறிய கிருஷ்ண ஐயர் அமர ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வேண்டும் என்று சிந்தித்தவர்கள் குறைவு.

தில்லி இதைச் சிந்திக்காமல் இல்லை என்று மத்திய அரசு கூறக்கூடும். 1999-ஆம் ஆண்டின் முதியோருக்கான தேசியக் கொள்கை, முதியோரைச் சுமையாகக் கருதாமல் வளமாகக் கருத வேண்டும் என்றது. ஓய்வு பெறும் மத்திய அரசு ஊழியர்களைத் தொண்டுப் பணிக்குத் திருப்ப ஓய்வூதியத் துறை 2014-இல் 'சங்கல்ப்' என்னும் முயற்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, பணி அனுபவத்தை எழுதி வைக்க 'அனுபவ்' வந்தது. 2016-இல் அரசுப் பள்ளிகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்க 'வித்யாஞ்சலி' வந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பதும், மருத்துவமனையில் உதவுவதும், பூங்காவைப் பராமரிப்பதும் நல்ல பணிகளே. ஆனால், அரசு அலுவலகத்தின் முன் கைகட்டி நிற்கும் குடிமகனுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஊழியரை நிறுத்துவது இவற்றின் முதன்மை நோக்கமாக இல்லை. அரசுக்கு இடைஞ்சல் தராத தொண்டையே அரசுகள் விரும்புகின்றன. கேள்வி கேட்கும் தொண்டு என்றால் தயங்குகின்றன.

இத்தனைக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2009-ஆம் ஆண்டில் வகுத்த சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் மூத்த குடிமக்களும் சேரலாம் என்று வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது. கிராமங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்கவும் விதிகள் உள்ளன. புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டமும் சமூகத் தாக்க மதிப்பீட்டை ஆராயும் வல்லுநர் குழுவில் அரசு சாராத சமூகவியலாளர்கள், ஊராட்சிப் பிரதிநிதிகள், மறுவாழ்வு வல்லுநர்கள் இடம்பெற வேண்டும் என்கிறது. கதவு இருக்கிறது. அதன் வழியே ஊரறிந்த ஓய்வுபெற்றவர் உள்ளே அழைக்கப்படுகிறாரா என்பதுதான் கேள்வி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் உண்மை உண்டு. பணியில் இருந்தபோது ஏழையின் மனுவைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள் ஏழையின் நண்பராகிவிடுவாரா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிலர் பழைய அதிகார மிடுக்கோடுதான் வருவர். வேறு சிலர் பழைய தொடர்புகளைப் பயன்படுத்திக் காரியம் சாதித்துக் கொடுத்துத் தரகராகவும் மாறக்கூடும். ஆகவேதான் இப்பணி வீட்டுத் திண்ணையில் நடக்காமல் ஊராட்சி அலுவலகத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் நடக்க வேண்டும். வந்தவர் யார், கேட்டது என்ன, சொல்லப்பட்டது என்ன என்பதற்குப் பதிவேடு வேண்டும். மனுதாரரிடம் காசு வாங்கியவர் அன்றே நீக்கப்பட வேண்டும்.

அரசு தன் கடமையைத் தொண்டர்களின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்பது மற்றொரு வாதம். காலியாக உள்ள பணியிடங்களை நிரப்பாமல் இருக்க ஓய்வுபெற்றோரின் தொண்டு சாக்காகிவிடக் கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் பாடம் நடத்துகிறார் என்பதற்காக ஆசிரியர் நியமனம் நிறுத்தப்படக் கூடாது. அதனால்தான் கோப்பைப் படித்துச் சொல்லும் பணி தொண்டுக்கு மிகவும் பொருத்தமானதாகிறது. அது எந்த ஊழியரின் வேலையையும் பறிப்பதில்லை. ஊழியர் தம் வேலையை ஒழுங்காகச் செய்யுமாறு பார்த்துக்கொள்கிறது.

இவற்றைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உள்ளது. ஓய்வு என்பதே யாருக்குக் கிடைக்கிறது? வல்லார்பாடத்துக்கு அருகே காயலில் வலை வீசும் எழுபது வயது மீனவருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போன மூதாட்டிகளுக்கும் அப்படியே. அவர்களது வரிப்பணமும் சேர்ந்துதான் மற்றவருக்கு ஓய்வூதியமாகிறது. ஓய்வூதியம் உழைப்புக்குக் கிடைத்த உரிமை, அதில் ஐயமில்லை. அதைப் பெறாதவர்களே நாட்டில் பெரும்பான்மையினர் என்பதும் உண்மை. அந்தப் பெரும்பான்மைக்கு வாரம் ஒரு முற்பகலைத் திருப்பித் தருவது தருமம் அல்ல, கடன்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலேயே குடிமக்கள் ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. பங்கீட்டு அட்டை, கடன், வாடகை, இடிந்த வீடு என எல்லாவற்றுக்கும் அங்கே விளக்கம் கிடைத்தது. எட்டு பத்தாண்டுகள் கடந்தும் அந்த மையங்கள் தன்னார்வலர்களின் தோளில் நிற்கின்றன. நம் நாட்டில் ஆட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பவருக்குக் காசு கொடுத்துத்தான் ஏழை தன் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதுபவருக்குச் சட்டம் தெரியுமா என்பதும் உறுதியில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியிலும் வாரம் ஒரு நாள் ஓய்வுபெற்றோர் அமரும் உதவி மேசை வேண்டும். அவர்களுக்குச் சட்டத் தன்னார்வலர் என்னும் அங்கீகாரமும் அடையாள அட்டையும் தரப்பட வேண்டும். இரண்டாவதாக, அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற விதி இன்று மாறியிருக்கும். கேரளத்தில் திருச்சூரில் உள்ள உள்ளாட்சி நிர்வாக நிறுவனமும், தமிழ்நாட்டில் மறைமலை நகரில் உள்ள ஊரக வளர்ச்சி நிறுவனமும் இதை ஏற்கலாம். மூன்றாவதாக, ஓர் ஊரின் நிலத்தைக் கையகப்படுத்த முதல்நிலை அறிவிப்பு வெளியாகும் முன்பே அங்கே இந்த மேசை திறக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்று நிலம் ஒதுக்கும் முன், பாதிக்கப்பட்டோர் தேர்ந்தெடுக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அந்த மண்ணைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

துதியூரில் அப்படி ஒருவரது கையொப்பம் கேட்கப்பட்டிருந்தால், சதுப்பு நிலத்தில் வீடு கட்டச் சொல்லி யாரையும் அனுப்பியிருக்க முடியாது. பெட்டக முனையம் வந்ததில் நாட்டுக்கு ஆதாயம் இருக்கலாம். அந்த ஆதாயத்துக்காக வீட்டை விட்டவர்களுக்கு உறுதியான நிலமும் உரிய தொகையும் கிடைத்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவு கொச்சியில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது ஓய்வூதியர்களின் வீடுகளில் இருக்கிறது.

ஓய்வூதியர் சங்கங்கள் அகவிலைப்படிக்கும் மருத்துவப் படிக்கும் தீர்மானம் நிறைவேற்றுவது நியாயம். அடுத்த கூட்டத்தில் இன்னொரு தீர்மானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஊராட்சி அலுவலகத்தில் வாரம் ஒரு முற்பகல் அமர எங்களில் இத்தனை பேர் தயார் என்று பெயர்ப் பட்டியலோடு ஆட்சியருக்கு எழுதலாம். அந்தக் கடிதத்துக்கு அரசு என்ன பதில் தருகிறது என்பதை வைத்தே, முதியோர் நாட்டின் வளம் என்று அது பேசுவதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று மக்கள் அறிந்துகொள்ளலாம்.